அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பையன்

வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம், பக்கவாதத்தில் படுத்த அம்மாவை ஒன்பதாவது படிக்கும் பையன் பார்த்துக்கொள்கிறான், அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பள்ளிக்கும் பாதி நாள்தான் போகிறான் என்று எழுதியிருந்தீங்க.

அந்த வயதில் நானும் அம்மாயியைப் பார்த்துக்கொண்டவள். விடியும் முன்பே விரிப்பை அலசிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். கையில் பினாயில் வாசம் போகவே போகாது. பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுமோ என்று கையை மடியிலேயே வைத்திருப்பேன். ஊரே "தங்கமான பிள்ளை" என்றது. சாப்பிட்டாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்கள் அதைக் கேளுங்க.

அப்புறம், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். பள்ளியில் பேசும் முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. தெரியாமல் சொன்னால் கூனிக்குறுகிப் போவான். அவன் சரி என்றால் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்க. நிலைமை மோசமானால் குழந்தைகள் உதவி எண் 1098, மனசு உடைந்திருந்தால் மனநல உதவி எண் 14416, இரண்டும் இலவசம்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் நீங்கள் அந்த அம்மா பக்கத்தில் உட்கார முடியுமாங்க? அவன் போய்க் கிரிக்கெட் ஆடட்டும்.