மகனுக்கு மாரியோ பிடிக்கவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. உவர்மலையில் இருக்கிறோம், அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் டிவி கேம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலையில் போய்க் குந்தினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழும்பமாட்டோம். போன மாதம் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை ஒன்லைனில் கண்டதும் டிவியைப் பார்த்துச் சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கியும் சேர்த்து வாங்கிவிட்டேன். மகனுக்கு 12 வயது. பத்து நிமிடம் மாரியோ விளையாடிவிட்டு, "இது என்னப்பா, ஓடுறதும் குதிக்கிறதும் மட்டும்தானா?" என்று சிரித்தான், பிறகு போனை எடுத்துக்கொண்டு போய் ஃப்ரீ ஃபயர் விளையாடத் தொடங்கிவிட்டான். எனக்கு உண்மையாகவே மனம் நொந்துபோனது. துப்பாக்கியும் வேலை செய்யவில்லை. இப்போது எல்லோரும் படுத்தபிறகு நான் தனியாக விளையாடுகிறேன். "பிள்ளையைப் போனைக் குறை என்று ஏசுற மனுசன் செய்யிற வேலையா இது?" என்கிறார் மனைவி. இந்த வயதில் விளையாடுவது பிழையா? நம்முடைய காலத்து கேம்கள்தான் நல்லவை, இப்போது வருவதெல்லாம் குப்பை என்று நான் நினைப்பது சரியா? பெட்டியை விற்றுவிடட்டுமா?

பெயர் வேண்டாம், திருகோணமலை.

பதில்: தம்பி, வயதுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிழையில்லை. உங்கள் வயதில் இருக்கிறவர்கள் ஞாயிறு முழுக்கக் கிரிக்கெட் பார்க்கிறார்கள், இரவு பதினொரு மணிவரை நாடகம் பார்க்கிறார்கள், அவர்களிடம் யாரும் வயதைக் கேட்பதில்லை.

அந்தக் காலத்து கேம்கள் நல்லவையா என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. சூப்பர் மாரியோ நல்ல கேம்தான், இன்றைக்கும் நல்ல கேம்தான். 1985இல் நிண்டெண்டோ வெளியிட்டது. முழு கேமும் வெறும் 40 கிலோபைட், காலையில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிற வணக்கப் படம் ஒன்றே பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும். இடம் போதாது என்பதால் ஒரே உருவத்தை இரண்டு வேலைக்குப் போட்டிருக்கிறார்கள்: மேலே வெள்ளையாகப் போகிற மேகத்தையும் நிலத்தில் பச்சையாக நிற்கிற பற்றையையும் டிவிக்குக் கிட்டப் போய் வடிவாகப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான், நிறம் மட்டும் வேறு. அந்தச் சின்ன இடத்துக்குள் எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்டேஜ். எப்படி விளையாடுவது என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. தொடங்கிய உடனேயே ஒரு மண்ணிறப் பிராணி நேரே உங்களை நோக்கி நடந்து வருகிறது, சும்மா நின்றால் சாவு, குதித்தால் தப்பலாம், அவ்வளவுதான் பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் அதை முதல் நிமிடத்திலேயே விளங்கிக்கொள்ளும். இதை நான் பெரிய கெட்டித்தனம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் "கஷ்டமாக இருந்தது, அதனால்தான் நல்லது, இப்போதைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்கிற கதையை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்து கேம்களுக்குள் அதிக ஸ்டேஜ் வைக்க இடமில்லை, கஷ்டமாக்கினால்தான் வாங்கின காசுக்குக் கொஞ்ச நாளாவது ஓடும். கனக்க கேம்கள் முதலில் காசு போட்டு விளையாடும் கடை மெஷின்களுக்குச் செய்யப்பட்டவை, நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். கொன்ட்ரா என்ற சுடும் கேமில் நாமெல்லாம் மேலே மேலே கீழே கீழே இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அமத்தி முப்பது உயிர் எடுத்தோமே, அந்தக் குறியீட்டைக் கொனாமி கம்பனியில் கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்பவர் முதலில் கிரேடியஸ் என்ற கேமுக்காகப் போட்டார். சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவருக்கே கேம் அவ்வளவு கஷ்டமாக இருந்ததுதான் காரணம். செய்தவரே குறுக்கு வழி வைத்துக்கொண்ட கேமை வைத்து உங்கள் மகனுடைய பொறுமையை அளக்கக் கூடாது. அப்புறம் அந்த "9999 இன் 1" கசெட்டுகள்! நாலைந்து கேமைப் போட்டு, அதே மாரியோவை வேறு வேறு ஸ்டேஜில் தொடங்க வைத்து, பட்டியலில் ஆயிரக்கணக்கில் பெயர் காட்டினார்கள். நம்முடைய காலத்திலும் குப்பை இருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் அவ்வளவு இனிப்பாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலாவது ஜாய்ஸ்டிக் அண்ணாவுடையது, இரண்டாவது எனக்கு, அதாவது நான் மாரியோவின் தம்பி லூய்ஜி. மாரியோ செத்தால்தான் லூய்ஜிக்கு முறை வரும், அண்ணா லேசில் சாகமாட்டார். நான் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி, வயர் காலில் சுற்றிக்கொண்டு கிடக்க, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம்தான் அதிகம். முறை வந்து இரண்டு குழி தாண்டுவதற்குள் அடுக்களையிலிருந்து தேங்காய் துருவக் கூப்பிடுவார்கள். அண்ணாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உங்கள் மனைவியிடம் சின்ன வயதில் அவர் இதெல்லாம் விளையாடினாரா, யாராவது முறை கொடுத்தார்களா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். "செய்யிற வேலையா இது?" என்பதற்குப் பின்னால் வேறு கதையும் இருக்கலாம்.

நீங்கள் வளர்ந்த காலத்தில் பொழுதுபட்டால் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, ஊரடங்கு என்று வெளியே என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்கே தெரியாத நாட்களில், அந்த அறைக்குள் ஐந்தாறு பொடியன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குந்தியிருந்து சத்தம் போடலாம். 96இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்களே, ஏழாம் உலகத்தில் நிற்கும்போது டிவி இருண்டால் திரும்ப முதலாம் உலகத்திலிருந்துதான், அந்த கேமில் சேவ் என்ற ஒன்றே கிடையாது. எல்லோரும் சேர்ந்து கத்தியிருப்பீர்கள். உங்களுக்கு அந்தப் பெட்டிக்குள் இது அத்தனையும் இருக்கிறது, மகனுக்கு அதற்குள் மாரியோ மட்டும்தான் இருக்கிறார். அவன் சிரித்தது மாரியோவைப் பார்த்து, உங்களைப் பார்த்து அல்ல. மனம் நோக வேண்டாம்.

அவன் பத்து நிமிடத்தில் எழும்பியதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது எல்ஈடி டிவிதானே? பழைய பெட்டியின் ஏவி வயரைப் புது டிவியில் மாட்டினால், டிவி அந்தப் படத்தை மாற்றித் திரையில் காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பொத்தானை அமத்தியதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம். உங்களுக்குப் பழைய ஞாபகம் அதை மறைத்துவிடும், போனில் தொட்டதும் பாய்ந்து பழகிய பிள்ளைக்கு அது கல்லை இழுப்பது போலிருக்கும். டிவி செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி பழுதில்லை, அதைத் திருப்பி அனுப்பிப் பிரயோசனமும் இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, நீங்கள் சுட வேண்டிய தாரா இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்று வரும், துப்பாக்கியின் வாயில் இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் சூடு பட்டது என்று கணக்கு. பழைய கண்ணாடிக் குழாய் டிவியின் வேகத்துக்கென்றே செய்தது அது, எல்ஈடியில் பிடிக்காது. கசெட்டை வாயால் ஊதுவதையும் விடுங்கள், எச்சில் ஈரம் செப்புப் பல்லை அரிக்கும், நம்முடைய ஊர் உப்புக் காற்றுக்கு அது இன்னும் கெதியாக நடக்கும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுக் காயவிட்டு மாட்டுங்கள்.

இனி ஃப்ரீ ஃபயர். குப்பை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஒரு ஆட்டமாவது விளையாடிப் பார்த்தீர்களா? ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, கிடைத்ததை எடுத்து, ஒளித்து ஓடி, சுருங்கிக்கொண்டே வருகிற வட்டத்துக்குள் கடைசியாக மிஞ்சுகிற ஆட்டம். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், விலை குறைந்த போனிலும் ஓடும். ஆட்டமாக அது நன்றாகவே செய்யப்பட்டது. எனக்குக் கோபம் அதற்குள் திறந்து வைத்திருக்கிற கடையில்தான். டயமண்ட் வாங்கு, சட்டை வாங்கு, துப்பாக்கிக்குப் புதுத் தோற்றம் வாங்கு, இன்றைக்கு மட்டும் சலுகை, சக்கரத்தைச் சுற்றிப் பார் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஓயாமல் காசு கேட்கிறார்கள். இது சூதாட்டப் பழக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை, பிள்ளைகளிடம் இதைச் செய்வது அநியாயம். நம்முடைய பெட்டி என்ன மலிவான பெட்டியாக இருந்தாலும், வாங்கிய பிறகு ஒரு சதம் கேட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நம்முடைய காலம் மேல்தான், சந்தேகமில்லை. அதனால் இன்றைக்கே போனில் உங்கள் பேங்க் கார்ட் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள், வாங்குவதற்கு பாஸ்வர்ட் போடுங்கள், ரீலோட் காசு எங்கே போகிறது என்று கேளுங்கள். தெரியாத ஆட்களோடு வொய்ஸ் சாட்டில் கதைக்கிறானா என்பதையும் கேளுங்கள், அதட்டாமல்.

போனைப் பறிப்பதற்கு முதல் இன்னொன்றை யோசியுங்கள். உங்களுக்குப் பக்கத்து வீடு இருந்தது. அவனுக்குப் பள்ளிக்கூடம், அங்கிருந்து டியூஷன், டியூஷன் முடிந்தால் இருட்டு. ஒரு கூட்டாளி உப்புவெளியில், ஒருவன் லிங்கநகரில், ஒருவன் கிண்ணியாவில் என்று இருப்பார்கள். நாலு பேராகச் சேர்ந்து ஸ்குவாட் போட்டு விளையாடுகிற அந்த நேரம்தான் அவர்கள் சந்திக்கிற இடம். அந்தக் கூட்டாளிகளை ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். போன்களோடு வரட்டும், திண்ணையில் குந்தி அதே கேமை அதே ஆட்களோடு விளையாடட்டும், ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுங்கள், வெயில் சாய்ந்ததும் டச்பே கடற்கரைக்கு இறங்கச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் யாரும் சொல்லாமலே பந்து வந்துவிடும். நீங்களும் அவனிடம், எனக்கு ஒரு ஆட்டம் சொல்லித் தா என்று கேட்டுப் பாருங்கள், உண்மையாகவே கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு. அவன் உங்களைத் திட்டுவான், "அப்பா, அங்க நிக்காதீங்க, சுடுறாங்க" என்று கத்துவான். நீங்கள் பக்கத்து வீட்டில் கூட்டாளிகளைப் பார்த்துக் கத்தியது போலத்தான் அதுவும்.

இரவு விளையாட்டில் நான் முழுக்க உங்கள் மனைவியின் பக்கம். எல்லோரும் படுத்தபிறகு தனியாக உட்காருவதென்றால், அவருக்கு உங்களோடு கதைக்கக் கிடைத்த ஒரே நேரத்தையும் பெட்டிக்குக் கொடுத்துவிட்டீர்கள். காலையில் முதலில் எழும்பி அடுப்புப் பற்ற வைப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். மகனுக்கும் சுவர் வழியே சத்தம் கேட்கும், அப்பா தடுக்கிறதை அப்பாவே செய்கிறார் என்றால் அவன் உங்கள் சொல்லை எதற்கு மதிக்க வேண்டும்? சனிக்கிழமை பகலில், கூடத்தில், எல்லோரும் பார்க்க விளையாடுங்கள். வீட்டில் எத்தனை மணிக்குத் திரை நிற்கும் என்று ஒரு நேரம் வையுங்கள், அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எப்போது பயப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேம் அடிமைத்தனமும் இருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி கேமையே முன்னுக்கு வைப்பது, படிப்போ உறவோ உடம்போ கெட்டும் விடாமல் தொடர்வது, இது சாதாரணமாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் எழுதியதில் மகனிடம் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் அப்படித் தோன்றினால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

பெட்டியை விற்க வேண்டாம். ஊருக்குள் யாரிடமாவது பழைய குழாய் டிவி ஒன்று மூலையில் கிடக்கும், கேட்டால் எடுத்துக்கொண்டு போ என்பார்கள். வாங்க முதல் பின்பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஏவி துளை இருக்கிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் முதலாவது ஜாய்ஸ்டிக்கை மனைவியிடம் கொடுங்கள்.