கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் கால்ல ரத்தம் உறையுறது: கேள்வி பதில்

நியூரோ வார்டுல நர்ஸா இருக்கேன், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. நீங்க கேட்டதுக்கு ஒண்ணொண்ணா சொல்றேன்.

காசிமேடு தம்பி: சிஸ்டர், அப்பாவுக்கு கழுத்து ஆபரேஷன் ஆகி 9 நாள் ஆச்சு. கழுத்துல பண்ணதுக்கு கால்ல ஏன் ரத்தம் உறையுது?

தம்பி, கெண்டைக்கால் சதைதான் ரத்தத்த மேல தள்ளுற பம்ப்பு, மணிக்கணக்கா டேபிள்ல அசையாம கெடந்து அப்புறம் பெட்லயும் படுத்தே இருந்தா அது ஓடாது, ரத்தம் தேங்கிடும், அதோட ஆபரேஷன் ஆன உடம்புல ரத்தம் சீக்கிரம் உறையவும் செய்யும். கழுத்து முன்பக்கம் சின்னதா கீறி, எலும்புக்கு நடுவுல இருக்க டிஸ்க்க எடுத்து மறுநாளே நடந்தவங்களுக்கு ரிஸ்க் ரொம்ப கம்மி. தண்டுவடம் அமுங்கி கால் வலுவில்லாதவங்க, கேன்சர் இருக்கவங்க, முன்னாடியே ஒருவாட்டி உறைஞ்சவங்க, இவங்களுக்குதான் ஜாஸ்தி.

திருவொற்றியூர் அக்கா: வீட்டுக்காரருக்கு ஒரு கால் மட்டும் வீங்குது. மாமியார் ரத்தக்கட்டுன்னு சொல்லி பத்து போட்டாங்க, எண்ணெய் தேச்சு உருவிவிடவா?

வேணாங்கா, கைய வைக்காதீங்க! அடிபட்டு கன்னிப்போற ரத்தக்கட்டு வேற, இது உள்ள ஆழமா ஓடுற ரத்தக்குழாய்ல உறையுறது. உருவினா அந்த கட்டி பிச்சிக்கிட்டு நேரா நுரையீரலுக்கு போய் அடைச்சிடலாம். தையல் டேப் இருக்கும்ல, ரெண்டு கெண்டைக்காலயும் ஒரே உயரத்துல அளந்து பாருங்க, 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா சந்தேகம் கூடுது. கம்மியா இருந்தாலும் வலி, சூடு, வீக்கம் இருந்தா இன்னிக்கே போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. டாப்ளர் ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும், ஊசி கூட கெடையாது, ஜெல் தடவி காலு மேல வச்சு அமுக்கி பாப்பாங்க, அமுங்காத ரத்தக்குழாய்ல கட்டி இருக்குன்னு அர்த்தம். நான் பாத்த ஒரு பெரியவருக்கு 2 நாள் எண்ணெய் தேச்சிட்டுதான் கூட்டிட்டு வந்தாங்க, அந்த கால் பளபளன்னு இருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது.

கொருக்குப்பேட்டை அண்ணன்: அம்மாவுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ஆபரேஷனுக்காக நிறுத்துனாங்க. நாங்களே திரும்ப குடுக்கலாமா?

கூடாதுண்ணா. கழுத்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா தண்டுவடத்த அமுக்கி கை கால் விழுந்துடும், அதனாலதான் டாக்டர் நாள் பாத்து ஆரம்பிப்பாங்க. ஆனா கேக்காம விட்டுடவும் கூடாது, இன்னிக்கே போன் பண்ணி எந்த தேதிலன்னு கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டுலயே எழுதி வச்சிக்கோங்க.

வியாசர்பாடி தங்கச்சி: வீட்ல என்னக்கா பண்றது?

முழிச்சிருக்கப்ப மணிக்கொருவாட்டி பாதத்த மேல கீழ ஆட்டட்டும், டாக்டர் சொன்ன அளவு நடக்கட்டும். கால இறுக்கி பிடிக்கிற சாக்ஸ் ஆஸ்பத்திரில குடுத்திருந்தா முட்டிகிட்ட சுருட்டி விடாதம்மா, கயிறு கட்டுன மாதிரி இறுக்கிடும்.

எண்ணூர் தம்பி: எப்ப 108?

திடீர்னு மூச்சு வாங்குறது, மூச்ச இழுத்தா நெஞ்சு குத்துறது, இருமுனா ரத்தம், மயக்கம். முன்பக்கம் கீறுனவங்களுக்கு கழுத்து வீங்கி எச்சில் முழுங்க முடியல, மூச்சு திணறுதுன்னாலும் அதே 108தான், அதுவும் முதல் 2 நாள்ல கண்ண எடுக்காதீங்க.