ஒயர் இடப்பக்கம் இறங்கினால் பேஸ்மேக்கர் வைக்க முடியாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முறை மயங்கி விழுந்தார். ஈசிஜி எடுத்ததில் ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’ என்றார்கள். பேஸ்மேக்கர் வைக்க இடது மார்பில் கீறி ஒயரைச் செலுத்தியபோது, அது இடப்பக்கமாகவே இறங்குகிறது, பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கிறது என்று நிறுத்தித் தையல் போட்டுவிட்டார்கள். வலப்பக்கம் வைக்கலாம் என்றார்கள். பயந்துபோய், கையெழுத்துப் போட்டுக்கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எட்டு நாளாகிறது. படபடப்பு என்கிறார் என்று, சித்தி போடும் புரோப்ரனோலால் மாத்திரையைக் கொடுக்கிறோம். இந்த ரத்தக்குழாய் இருந்தால் பக்கவாதம் வரும் என்று இணையத்தில் படித்தேன். அம்மாவுக்கு இனி பேஸ்மேக்கரே வைக்க முடியாதா? எங்களுக்கும் இது இருக்குமா? வைத்தால் செல்போன், எம்ஆர்ஐ எல்லாம் ஆபத்தா?

பதில்: வைக்க முடியும். அதற்கு முன், அந்தப் புரோப்ரனோலாலை நிறுத்துங்கள். அம்மாவை இன்றே இதயப் பிரிவு உள்ள மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். மீதியை அங்கே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

அவர் இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்கு வந்து சேர்வதில்லை. கீழறை தானாகவே நிமிடத்துக்கு 30, 40 முறை துடித்து ஆளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் சித்தியின் மாத்திரை அந்தக் கொஞ்சத்தையும் அமுக்கிவிடும். படபடப்பு என்று அம்மா சொல்வது பெரும்பாலும் வேகம் அல்ல. மெதுவாகத் துடிக்கும் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் நிறைய ரத்தத்தைத் தள்ளுகிறது, அது நெஞ்சில் ‘தொம், தொம்’ என்று இடிக்கிறது. பல்ஸை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்திருந்தால் அந்த மாத்திரையைக் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள். அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே, தலைசுற்றல் என்று சொல்லக்கூட நேரமில்லாமல் சரிவார். முகம் வெளுக்கும், சில நொடிகளில் கை கால் வெட்டிக்கூட இழுக்கலாம். இதயம் மீண்டும் துடித்ததும் முகம் குப்பென்று சிவந்து கண் திறப்பார். இதை வலிப்பு என்று நினைத்துச் சாவியைக் கையில் திணித்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுத்த முறை துடிப்பு திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மருத்துவமனையில் இருந்தால் மார்பில் ஒட்டும் பேட் மூலமாகவோ, தொடை அல்லது கழுத்துச் சிரை வழியாகத் தற்காலிக ஒயர் போட்டோ துடிக்க வைத்துவிடலாம். வீட்டில் உங்களால் என்ன செய்ய முடியும்?

இனி அந்த ரத்தக்குழாய். கருவில் இருக்கும்போது இதயத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய சிரை இறங்கும். பிறப்பதற்குள் இடப்பக்கத்துச் சிரை சுருங்கி வெறும் நாராகிவிடும், வலப்பக்கத்தது மேற்பெருஞ்சிரையாக நிற்கும். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இடது சிரையும் சுருங்காமல் தங்கிவிடுகிறது. அது பெரும்பாலும் கரோனரி சைனஸ் என்ற குழாய்க்குள் விழுந்து, அங்கிருந்து வலது மேலறைக்கே போய்ச் சேரும். ரத்தம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. 63 வருடம் அம்மாவுக்குத் தெரியாமலே அது அங்கே இருந்திருக்கிறது. ஒயர் முதுகெலும்புக்கு இடப்புறமாக இறங்கியதைத் திரையில் பார்த்ததும் நிறுத்தியது தவறல்ல. வரைபடம் இல்லாமல் தள்ளிக்கொண்டே போவதுதான் தவறு.

அந்த வரைபடம் எடுப்பது எளிது. வலது கைச் சிரையில் கொஞ்சம் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்த்தால், வலது மேற்பெருஞ்சிரை இருக்கிறதா என்று நொடியில் தெரியும். பெரும்பாலானோருக்கு இருக்கும். இருந்தால் வலது மார்பில் வழக்கம்போல வைத்துவிடலாம், கதை முடிந்தது. இடப்பக்கத் தையலில் சிவப்போ நீர்க் கசிவோ இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிருமி இருக்கும்போது மறுபக்கத்தில் புதுக் கருவியை வைக்க மாட்டார்கள்.

வலது சிரை இல்லாவிட்டால்தான் கொஞ்சம் வேலை. இடது வழியாக வரும் லீடு, அதாவது பேஸ்மேக்கரின் ஒயர், கரோனரி சைனஸ் வாயில் வெளியே வரும்போது, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வு அதன் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் லீடின் முனை அதைப் பார்க்காமல் எதிர்ச்சுவரை நோக்கிப் போகும். அதனால் உள்ளே விடும் கம்பியைக் கையால் அகலமாக வளைத்து, லீடை மேலறையின் வலதுச் சுவரில் சாய்த்து ஒரு வளையம் போட வைத்து, அந்தச் சுவரையே முட்டாகக் கொண்டு வால்வுக்குள் திருப்புவார்கள். இதற்கு வழக்கத்தைவிட நீளமான லீடு தேவைப்படலாம். முனையில் திருகாணி உள்ளதாக இருக்க வேண்டும். திருகு இல்லாத லீடு இந்த வளைவில் எளிதில் நழுவிவிடும். திருகிய பிறகு, ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் சொல்லி, வளையம் இழுபடுகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அம்மா வெட்கப்படாமல் பலமாக இரும வேண்டும்!

அதுவும் சரிவராவிட்டால், ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் இருக்கிறது. எடை சுமார் 2 கிராம். தொடைச் சிரை வழியாகக் கீழிருந்து போவதால் மேலே எந்தச் சிரை எப்படி வளைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் மேலறையையும் சேர்த்துத் துடிக்க வைக்க வேண்டியவருக்கு எல்லா மாடலும் பொருந்தாது. கடைசி வழி, மார்பில் சிறிதாகத் திறந்து இதயத்தின் வெளிப்பரப்பில் லீடைத் தைப்பது.

பக்கவாதம் பற்றி இணையத்தில் படித்தது ஒரு சிறு பகுதியினருக்குப் பொருந்தும். இடது சிரை தங்கிவிட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது இடது மேலறைக்குள் திறக்கும். அப்போது இடது கை டிரிப்ஸில் போகும் காற்றுக் குமிழியோ, லீடில் படியும் ரத்தக்கட்டியோ மூளைக்குப் போக முடியும், எனவே அந்த வழியில் லீடு வைக்க மாட்டார்கள். குலுக்கிய சலைனை இடது கையில் ஏற்றி எக்கோவில் (இதய ஸ்கேனில்) குமிழிகள் எந்த அறையில் தோன்றுகின்றன என்று பார்த்தாலே விடை வந்துவிடும். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். விடை வரும்வரை இணையத்தை மூடி வையுங்கள்.

உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் தேடித் தேடி ஸ்கேன் எடுக்க வேண்டாம். செல்போனை மறுபக்கக் காதில் வைத்துப் பேசலாம், கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால் போதும். இப்போது வரும் பேஸ்மேக்கர்களில் பெரும்பாலானவை எம்ஆர்ஐக்கு ஏற்றவை, லீடும் அப்படித்தானா என்று மட்டும் கேளுங்கள்.

வைத்த பிறகு முதல் ஆறு வாரம் அந்தப் பக்க முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. அதற்காகக் கையைக் கட்டிப்போட்டு வைத்தால் தோள் இறுகிவிடும், அதுவும் வேண்டாம். இந்த ஆறு வாரத்தில் பழைய மயக்கம் திரும்ப வந்தால், அல்லது விக்கல் நிற்காமல் வயிறு துள்ளினால், லீடு நகர்ந்திருக்கலாம். இரவானாலும் போய் ஈசிஜியும் மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இடது மேற்பெருஞ்சிரை இருப்பதைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லி, அதன் நகலை அம்மாவின் பர்ஸில் வையுங்கள். நாளை வேறு எதற்காகவோ கழுத்துச் சிரையில் குழாய் போட வரும் மருத்துவர், ஊசியை எடுக்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.