பாத்ரூம் பூசணம் யார் பொறுப்பு?

கேள்வி: குன்னூரில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். பாத்ரூம் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம். பையனுக்கு வீசிங் வேறு. ஓனர் அம்மாவோ, "ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுடுதண்ணீரில் குளித்தால் இப்படித்தான் ஆகும். காலி செய்யும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன்" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: ஓனர் அம்மா சொல்வது சரியாகவும் இருக்கலாம், சகோதரி. ஐப்பசி அடைமழையில் குன்னூரில் யார்தான் ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிப்பார்கள்? கெய்சர் தண்ணீரின் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஆனால் நம் மலை வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மேட்டை வெட்டி, மண்ணை ஒட்டியே பின்சுவரை எழுப்பியிருப்பார்கள். மழைத் தண்ணீர் அந்த மண்ணில் ஊறி, சுவர் வழியாக ஓதம் உள்ளே வரும். அதற்கு ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

எது என்று நீங்களே பார்த்துவிடலாம். சுவரில் ஓரிடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஓர் அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளின் வெளிப்பக்கம் மட்டும் நீர் கோத்திருந்தால் அது ஆவி. பிரித்ததும் உள்பக்கம் நனைந்திருந்தால் சுவரே ஊறுகிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தாலும் பெரும்பாலும் ஓதம்தான்.

சுவர் ஊறினால் அது ஓனர் பொறுப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது மூன்றையும் வீட்டு உரிமையாளர் கணக்கில்தான் வைக்கிறது. குழாய் வாஷர், கெய்சர் ரிப்பேர், சாக்கடை அடைப்பு உங்கள் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். வெள்ளையடிப்பே அவர் வேலை என்னும்போது, பெயின்டுக்காக அட்வான்ஸில் கை வைப்பது நியாயமில்லை.

ஆவிதான் காரணம் என்றால், குளித்ததும் சுவரைத் துடைப்பதும் கொஞ்ச நேரம் காற்று விடுவதும் உங்கள் வேலை. ஜன்னலே திறக்க வராத பாத்ரூம் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத்தர வேண்டியது அவர்தான் என்பேன்.

தேதியோடு போட்டோ எடுத்து, ஓனர் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம். அவரைக் கூப்பிட்டு, டேப் ஒட்டிய சுவரைக் காட்டுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம்.

பையனை டாக்டரிடம் காட்டும்போது பூசணத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சுவரைக் கழுவும்போது அவனை அந்தப் பக்கம் விடாதீர்கள். சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிடைக் கலந்துவிடாதீர்கள். அதில் குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் உங்களுக்கே மூச்சு முட்டிவிடும்.