முழங்கால் வலி உள்ள அம்மாவை லட்சத்தீவுக்குக் கப்பலில் அழைத்துப் போகலாமா? பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

போகலாம். நான் அழைத்துப் போயிருக்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது, படி ஏறி இறங்கச் சிரமம், ஜனவரியில் போக ஆசை, ஆனால் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "இந்த வயசுல கடல்ல கூட்டிட்டுப் போய் ஏதாவது ஆச்சுன்னா?" என்று ஒருவர் கேட்டிருப்பார். "அந்தக் காசுக்குக் காசி ராமேஸ்வரம் போகலாமே" என்று இன்னொருவர். அம்மாவும் இதையெல்லாம் கேட்டுவிட்டு "எனக்கு எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வந்து சண்டை போடுவார்கள். நான் மருத்துவர் இல்லை. எல்லா முழங்கால் வலியும் ஒன்றில்லை. யாரையாவது பிடித்துக்கொண்டு ஒரு அடி உயரப் படியில் ஏறி இறங்க முடிகிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். உறவினர் சொன்னால் விடாதீர்கள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஊட்டிக்குப் போவதென்றால் முதலில் ரூம், அப்புறம் பஸ் என்று யோசிப்போம். லட்சத்தீவில் அது நடக்காது. இங்கே முதலில் அனுமதி, அடுத்து கப்பல், தங்குமிடம் கடைசியில். மொத்தம் 36 தீவுகள், அவற்றில் 10 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். அந்த இடத்தில் வெளியாட்கள் நினைத்தபடி வந்து குவிந்தால் தண்ணீரும் தாங்காது, குப்பையும் தாங்காது. அதனால் இந்தியர்களாகவே இருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. 1967-லிருந்தே இதற்குத் தனி விதிகள் உண்டு. இதைத் தொல்லை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

தீவு நிர்வாகத்தின் கீழ் 'ஸ்போர்ட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமைப்பு சுற்றுலாவை நடத்துகிறது. அவர்களுடைய 'சமுத்திரம்' என்ற 5 நாள் கப்பல் பயணத்தில்தான் நாங்கள் போனோம். கொச்சியில் ஏறினால் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகளைக் காட்டிவிட்டுக் கொச்சியிலேயே இறக்கிவிடுவார்கள். பகலில் தீவு, இரவில் கப்பல். முட்டி வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று பலருக்குப் புரிவதில்லை. ஒரே கேபின், ஒரே கட்டில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாக அலைய வேண்டாம். முதல் வகுப்புக் கேபினில் இரண்டு பேர், இரண்டாம் வகுப்பில் நான்கு பேர். நான்கு பேர் கேபின் என்றால் மேல் படுக்கை விழும் வாய்ப்பு உண்டு. அம்மாவுக்காக இரண்டு பேர் கேபினுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் "பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கறேன் மேடம்" என்று பயணக் கட்டணத்துக்கு மேல் ஒரு தொகை கேட்டார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. நான் நேரடியாகவே பதிவு செய்தேன். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் எங்கள் இருவருக்கும் தேவைப்பட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். இந்த விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் லட்சத்தீவு நிர்வாகத்தின் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. என் பதிலைக் கொண்டுபோய்க் காட்டி வாதாடாதீர்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய ஒரே இடம் கப்பலிலிருந்து படகுக்கு இறங்கும் இடம். எந்த வீடியோவிலும் இதைச் சரியாகக் காட்டுவதில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய கப்பல் பவளப்பாறையைத் தாண்டி உள்ளே வர முடியாது. அதனால் பல தீவுகளில் வெளிக்கடலிலேயே நின்றுவிடும். எங்களுக்குக் கல்பேனியில் அப்படித்தான். கப்பலின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவைத் திறக்கிறார்கள். கீழே படகு வந்து ஒட்டி நிற்கிறது. ஒட்டி என்றால் அசையாமல் இல்லை. அலை வரும்போது படகு வாசல் மட்டத்துக்கு ஏறுகிறது, அடுத்த நொடி இரண்டடி கீழே போகிறது. வாசலில் இரண்டு பேர், படகில் இரண்டு பேர். படகு மேலே வரும் அந்தக் கணத்தில் கையைப் பிடித்து மாற்றிவிடுகிறார்கள். அம்மா வாசல் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். பின்னால் வரிசை. யாரும் அவசரப்படுத்தவில்லை. படகில் நின்ற பையன் "உம்மா, பேடிக்கண்டா" என்றான், பயப்படாதீங்கம்மா என்று. இரண்டு அலையை விட்டுவிட்டு, மூன்றாவதில் முழங்கைக்கு மேலே பிடித்து அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். என் அம்மா கனமான ஆள். காலை அவள் மடக்கவே இல்லை.

அதிலிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஹேண்ட்பேக், செல்போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்கள் முதுகுப்பைக்குள் போய்விட வேண்டும். புடவை வேண்டாம். அம்மா வாழ்நாளில் முதல்முறையாகச் சுடிதார் போட்டது அந்தப் பயணத்தில்தான். செருப்பு பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும். முக்கியமாக, நீங்கள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கப்பல்காரர்களிடம் விட்டுவிடுங்கள். தினமும் அங்கே மூதாட்டிகளும் கைக்குழந்தைகளும் இப்படித்தான் ஊருக்குப் போகிறார்கள்.

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் போனால் இதில் பாதிச் சிரமம் இருக்காது. தென்மேற்குப் பருவமழைக் காலம் வேண்டவே வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது, உங்கள் ஜனவரி சரியான தேர்வு. என்னதான் மாதம் பார்த்தாலும் கப்பல் நேரம் மாறும். கொச்சிக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். திரும்பிய அன்றே ரயில் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள். நாங்கள் தூத்துக்குடியிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் எர்ணாகுளம் போனோம். போகும்போதும் வரும்போதும் லாட்ஜில் ஒரு ராத்திரி தங்க இடம் வைத்திருந்தோம். அந்தச் செலவைத் தண்டம் என்று நினைக்காதீர்கள்.

கப்பலே வேண்டாமென்றால் கொச்சியிலிருந்து அகத்திக்குச் சின்ன விமானம் உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் அகத்தியிலிருந்து பங்காரத்துக்கோ வேறு தீவுக்கோ போகப் படகில் ஏறித்தான் ஆக வேண்டும். "விமானத்தில் போனால் படகே இல்லை" என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பது அகத்தியிலேயே தங்கினால் மட்டும்தான் சரி.

இப்போது மினிக்காய். என் அம்மாவை நான் எதற்காக அங்கே அழைத்துப் போனேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

அப்பா போன பிறகு அம்மா கருவாட்டுக் கடை வைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தாள். அந்தக் கடையில் மாசியும் விற்றாள், வேகவைத்துப் புகை காட்டிக் காயவைத்த சூரை மீன்தான் மாசி. உள்ளூரில் செய்ததும் இருக்கும். மினிக்காய் மாசி என்றால் தனியாக எடுத்து வைத்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பாள். எத்தனையோ வருஷம் அந்தப் பெயரைச் சொல்லி விற்றவளுக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

மினிக்காய் தெற்குக் கோடியில், மற்றத் தீவுகளிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் ஒன்பது டிகிரிக் கால்வாய், பெயர்தான் கால்வாய், உண்மையில் திறந்த கடல். அந்த ராத்திரி கப்பல் கொஞ்சம் ஆடியது. மற்றத் தீவுகளில் மலையாளம், இங்கே மட்டும் மஹல், அதாவது மாலத்தீவில் பேசும் மொழி. எல்லோரும் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறப் போனார்கள். அம்மாவுக்கு அது முடியாது. "நீங்க போங்க" என்று கீழே உட்கார்ந்துவிடப் பார்த்தாள். நான் எங்களோடு வந்த வழிகாட்டியிடம் மாசி செய்கிற இடம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஒரு வீட்டின் பின்புறம். தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீன்கள். தலையையும் குடலையும் எடுத்து, நீளவாக்கில் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் காட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி புகை, மறுபடி வெயில். கடைசியில் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மஹல் தெரியாது. அம்மா பரணிலிருந்து இரண்டு துண்டை எடுத்தாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடு ஒன்று தட்டினாள். டக் டக் என்று கேட்டது. கடையில் சரக்கு இறங்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள், ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அம்மா கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து வேறு இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா தட்டினாள். "ஏட்டி, இதுதான் சரக்கு" என்றாள் என்னிடம். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கினோம். விலையைப் பேரம் பேச வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். கடைக்காரியாக இருந்தவள் பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதைப் பார்த்த பிறகும் "வயசானவங்களுக்கு அங்கே என்ன இருக்கு" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் அண்ணன் பேசவே இல்லை. மதினிதான் பேசினார், "பொம்பளப் பிள்ளை காசுல ஊர் சுத்துனா நாளைக்கு எங்களத்தானே சொல்வாங்க" என்று. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும், மாதா மாதம் மாத்திரைக்கும் என் காசு செல்லும். அப்போதெல்லாம் நான் பொம்பளப் பிள்ளை என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அம்மா சந்தோஷப்படுவதற்கு என் காசு செலவானால் மட்டும் குடும்ப மானம் போய்விடுகிறது. மகள் செய்தால் மகனுக்குக் கேவலம் என்கிற இந்தக் கணக்கை யார் எழுதி வைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். நீங்கள் மகனா மகளா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் வேண்டாம் என்கிறவர்கள் எல்லோரும் அம்மாவின் முட்டியை நினைத்துச் சொல்வதில்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் மயக்கத்துக்கு மாத்திரை உண்டு. உங்கள் அம்மா பிரஷர், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், கடையில் கேட்டு வாங்காதீர்கள். வழக்கமான மருந்தைப் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துப் போங்கள். தீவுகளில் மருத்துவமனை இருக்கிறது, கவரத்தியில் கொஞ்சம் பெரியது. நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத்தான் கொண்டுபோவார்கள். பணம் நோட்டாகக் கொண்டுபோங்கள். பங்காரம் தவிர எங்கும் மது கிடையாது. உங்களோடு வரும் மாமா, மச்சான் யாராவது 'ஏற்பாடு' செய்துகொண்டு வருவதாகச் சொன்னால் ஆளையே விட்டுவிட்டுப் போங்கள். உடுத்துவதில் கவனமாக இருங்கள், அது அவர்கள் வாழும் ஊர்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் வருகிறது. செத்த துண்டுதானே என்று வாதாட முடியாது.

கவரத்தியில் குடிக்கும் தண்ணீரைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள், பெருமைப்படுவார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைச் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அங்கே அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்து, ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் எடுக்கும்படி கட்டியது. குடம் தூக்கியே இடுப்பு ஒடிந்த என் அம்மா அந்தக் கதையை மூன்று முறை கேட்டாள்.

ஜனவரி என்றால் இப்போதே தொடங்குங்கள். கப்பல் இடங்கள் கிறிஸ்துமஸ், பொங்கலை ஒட்டிச் சீக்கிரம் நிரம்பும். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன் அம்மாவின் ஆதாரை எடுத்துப் பெயரைப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, அப்பா பெயரா, கணவர் பெயரா என்று பார்த்து, எல்லா விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அதையே போடுங்கள். எங்களுக்கு அலைச்சல் வந்தது அந்த ஒரு எழுத்தால்தான்.