தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே வேர்ட்பிரஸ் தளம் போதுமா? மொழியை மாற்றினால் ஏன் முகப்புக்கே போய்விடுகிறது?

ஒரே தளம் போதும். நிலாவெளியில் விடுதி நடத்திக்கொண்டு மூன்று தளங்களைப் பராமரிக்க உங்களால் முடியாது. ஆள் வைத்தாலும் ஒன்று புதுசாகவும் இரண்டு பழசாகவும்தான் கிடக்கும். நான் திருகோணமலையிலிருந்து இந்தப் பக்கத்து விடுதிகளுக்கும் சில சங்கங்களுக்கும் தளம் அமைத்துக் கொடுக்கிறவன். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் வெளிநாட்டார் ஆங்கிலப் பக்கத்தையும், தெற்கிலிருந்து வருகிறவர்கள் சிங்களப் பக்கத்தையும், கோணேசர் கோயிலுக்கு வருகிற நம்மவர்கள் தமிழ்ப் பக்கத்தையும் தேடுகிறார்கள். ஆகவே மூன்றும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

முகப்புக்குத் தாவும் சிக்கலுக்கு வருவோம். வேர்ட்பிரஸின் அடிப்படையில் பன்மொழி வசதி கிடையாது. பாலிலாங், டபிள்யூபிஎம்எல் போன்ற செருகுநிரல்கள்தான், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்கள்தான், அதைத் தருகின்றன. அவற்றிலும் தமிழ்ப் பக்கம் ஒரு பதிவு, அதன் சிங்கள வடிவம் வேறொரு பதிவு. இவை இரண்டும் சோடி என்று நீங்கள் சொன்னால்தான் செருகுநிரலுக்குத் தெரியும். நீங்கள் பாலிலாங் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். சிங்களப் பக்கத்தை வழக்கமான 'புதிய பக்கம்' வழியாக உருவாக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் சோடி சேர்ந்திருக்காது. சோடி கிடைக்காதபோது பாலிலாங் அந்த மொழியின் முகப்புக்குத்தான் அனுப்பும். தமிழ்ப் பக்கத்தைத் திருத்தும் திரையில் மொழிகளுக்கான பெட்டியைத் திறந்து, சிங்களத்துக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின் தலைப்பைத் தட்டெழுதித் தெரிவு செய்யுங்கள். இனிமேல் புதிதாக எழுதும்போது அங்கேயுள்ள கூட்டல் குறியைச் சொடுக்கியே தொடங்குங்கள்.

சில பக்கங்களுக்குச் சிங்கள வடிவமே இல்லை என்றால்? மொழி மாற்றியின், அதாவது பார்வையாளர் மொழியைத் தெரிவு செய்யும் பொத்தானின், அமைப்பில், மொழிபெயர்ப்பு இல்லாத மொழிகளை மறைக்கும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கிவிடுங்கள். புறாத் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று பார்க்க வந்தவரை முகப்பில் கொண்டுபோய் விடுவதைவிட, அந்த மொழியில் இந்தப் பக்கம் இல்லை என்று இருப்பதே மரியாதை. இயந்திர மொழிபெயர்ப்பால் நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், கட்டணத்தையும் ரத்துசெய்யும் விதிகளையும் அதை நம்பி எழுதுவீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

கட்டணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அறை வாடகை மூன்று பக்கங்களில் தனித்தனியாகத் தட்டெழுதப்பட்டிருந்தால், ஒரு பருவம் முடிவதற்குள் மூன்று விலைகள் இருக்கும். சிங்களப் பக்கத்தைப் படம்பிடித்துக்கொண்டு வந்து வரவேற்பு மேசையில் நீட்டுகிற விருந்தாளியோடு வாதாட முடியாது. இந்த விடயத்தில், வேர்ட்பிரஸ் போலவே தளம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான ட்ரூபல் கெட்டிக்காரத்தனமானது. 2015இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் அதன் அடிப்படையிலேயே பன்மொழி வசதி இருக்கிறது. ஒரே பக்கத்தின் எந்தப் புலம் (விலை, படம் போன்ற ஒவ்வொரு தகவலுக்குமான தனிக் கட்டம்) மொழிக்கு மொழி மாறும், எது பொதுவாக நிற்கும் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். விவரணை மாறும், விலையும் தொலைபேசி எண்ணும் படங்களும் ஒன்றே. பாலிலாங்கில் ஒத்திசைவு என்ற அமைப்பின்கீழ் தனிப்பயன் புலங்களை இப்படிப் பகிரலாம். ஆனால் விலையைப் பத்திக்குள் எழுதாமல் புலத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு சிறு விடுதிக்காக ட்ரூபலுக்கு மாறச் சொல்லமாட்டேன்; அதைப் பராமரிக்கத் தெரிந்தவரை இங்கே தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

அடுத்தது முகவரி. மூன்று மொழிக்கும் முன்னொட்டு, அதாவது முகவரியில் பக்கப் பெயருக்கு முன்னால் வரும் மொழிக் குறியீடு, வையுங்கள்; தளத்தின் முதன்மை மொழியாகக் குறித்த இயல்பு மொழி உட்பட. இயல்பு மொழியின் முன்னொட்டை மறைத்தால் முகவரி அழகாக இருக்கும். பிறகு இயல்பு மொழியை மாற்ற நினைத்தால் பழைய இணைப்புகளெல்லாம் அறுந்துவிடும். பக்கத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே விடுவதிலும் கவனம் வேண்டும். கணினிக்கு எழுத்தும் அதோடு ஒட்டும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள்; ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்துகளாகக் குறியேற்றம் பெறும். 'திருகோணமலை' என்ற பெயர் மட்டும் 90 இடத்தை எடுக்கும். வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200. 'கன்னியா வெந்நீர் ஊற்றுகள்' என்று தலைப்பிட்டால் இடைக்கோடுகளையும் சேர்த்து 209 வேண்டியிருக்கும்; கடைசிப் புள்ளி கழன்று 'ஊற்றுகள' என்று முகவரி நிற்கும். அதையே வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்ட சங்கிலி வந்து விழும். முகவரியை மட்டும் சுருக்கமாக, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயராக நான் வைக்கிறேன். ஆங்கிலப் பக்கத்தின் அதே பெயரைத் தமிழுக்கும் வைக்கப் பார்த்தால், இலவசப் பாலிலாங்கில் வேர்ட்பிரஸ் பின்னால் 2 சேர்த்துவிடும்.

தேடுபொறிக்குச் சோடிகளைச் சொல்வது எச்ரெஃப்லாங் குறி. செருகுநிரலே இதை எழுதிவிடும். கையால் எழுதுகிறவர்கள் சிங்களத்துக்கு எஸ்எல் என்று போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது சுலோவேனிய மொழியின் குறியீடு. சிங்களத்துக்கு எஸ்ஐ. தமிழ்ப் பக்கம் சிங்களப் பக்கத்தைக் காட்டினால் சிங்களப் பக்கமும் திரும்பத் தமிழைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் கூகுள் பொருட்படுத்தாது.

மொழி மாற்றியில் கொடி வேண்டாம். இலங்கைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரே கொடிதான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மொழியின் பெயரை அதன் எழுத்திலேயே எழுதுங்கள். உலாவியின் மொழியைப் பார்த்துத் தானாகத் திருப்பும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். நம்மில் பலரின் கைபேசி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, தமிழ்ப் பக்கத்தை நகலெடுத்துச் சிங்களத்தில் எழுதும்போது பத்திக்குள் இருக்கும் இணைப்புகள் தமிழ்ப் பக்கங்களையே காட்டிக்கொண்டிருக்கும். மொழி மாற்றி இதைத் திருத்தாது. சிங்களப் பதிவுகளுக்குள் தமிழ் முன்னொட்டைத் தேடிப் பாருங்கள், அகப்படுவதையெல்லாம் மாற்றுங்கள். தளத்தின் பக்கங்களுக்கு இட்டுச்செல்லும் பட்டியலையும் (மெனு) மொழிக்கு ஒன்றாகத் தனியே அமைத்து, அதிலுள்ள 'முன்பதிவு' இணைப்பை மூன்று மொழியிலும் கைபேசியில் ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகு தளத்தைத் திறந்துவிடுங்கள்.