தவளைவாயன் என்ற பறவை ஆந்தையா, பக்கியா (nightjar)? குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் பகலில் அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரெண்டும் இல்லை, தனிக் குடும்பம். ஆந்தை இரையைக் காலால் அமுக்கும். இதற்குக் கால் சிறுத்து வலுவில்லாதது, பூச்சி பிடிக்கிற வேலையெல்லாம் வாய்க்குத்தான். பக்கிக்கு அலகு துளியூண்டு. தவளைவாயனுக்கோ முகத்தின் அகலத்துக்கு விரியும் கொக்கி அலகு, அதைச் சுற்றி மீசை மயிர். ராத்திரி ரோட்டில் உட்கார்ந்து ஹெட்லைட்டில் கண் மின்னுவது பக்கி. இது கொப்பை விட்டு ரோட்டுக்கு வராது.

நம்ம பக்கம் இருப்பது இலங்கைத் தவளைவாயன். நீளம் சுமார் 23 செ.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

பெரிய மரங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பது வீண். ஓடைக்கரை ஈற்றை (மெல்லிய மூங்கில்), பிரம்பு, கொடிகள் பின்னிய இருட்டான இடங்களைப் பாருங்கள். உதிர்ந்த இலை கொடியில் சிக்கித் தொங்குகிற இடம் ரொம்ப நல்லது. காற்றடிக்கும்போது எல்லா இலையும் ஆடும், ஒன்று மட்டும் ஆடாது. அதில் பைனாகுலரை வையுங்கள். பெரும்பாலும் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும்: சாம்பல் பழுப்பு ஆண், செங்காவி நிறம் பெண். பக்கத்தில் போனால் பறக்காது. அலகை மெதுவாக மேலே தூக்கி, கண்ணை இடுக்கி, முறிந்த குச்சியாகிவிடும். அதைப் பார்த்துவிட்டால் ரெண்டடி பின்னால் வந்துவிட வேண்டும்.

முதலில் காதால் இடம் பிடிப்பதுதான் லேசு. இருட்டும் நேரத்திலும் விடியுமுன்பும் பெண் கரகரப்பாகக் கத்தும். சத்தம் இறங்கிக்கொண்டே வந்து விக்கலில் முடியும். ஆண் ‘க்ளொக் க்ளொக்’ என்று வேகமாக அடுக்கும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களிடம் அந்தச் சத்தத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒரே கொப்பில் மாதக்கணக்கில் அடையும் பறவை, ஒருமுறை இடம் தெரிந்தால் போதும்.

போனில் குரலைப் போட்டு வரவழைப்பதும் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிப்பதும் வேண்டாம், அதிலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அது கூடு கட்டும் காலம். கூடு என்று சொன்னாலும் மெத்தென்ற ஒரு சின்னத் திண்டு, அவ்வளவுதான்: உள்ளே பாசியும் தூவியும், வெளியே மரப்பட்டைத் துணுக்கும் மரப்பாசியும். அதில் ஒரே ஒரு வெள்ளை முட்டை. பகல் முழுக்க அடைகாப்பது ஆண். அது வெருண்டு எழுந்தால் முட்டை உருண்டு விழ அதிக நேரம் ஆகாது, இன்னொரு முட்டையும் அங்கே இருக்காது.

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: குஞ்சு பறந்ததும் ஆணே கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடும். கூடுதான் போய்விட்டதே என்று அந்தக் கொப்பைக் கழிக்காதீர்கள். அடுத்த பருவத்தில் அதிலேயே புதிதாகக் கட்டலாம்.